நயினார் சார் நினைவு வாறுகால்

என் வீட்டுக்காரர் ஆறுமுகநயினார் உயிரோடு இருந்தவரை மனுசராகத்தான் இருந்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து, பந்தல்காரன் கம்பை அவிழ்த்துக்கொண்டு போன பிறகுதான் அவர் மகான் ஆகிவிட்ட சங்கதி எனக்குத் தெரியவந்தது. அந்தச் செய்தியைக் கொண்டுவந்தவன் ரதீஷ், எங்கள் லேன் ரெசிடென்ட்ஸ் அசோசியேஷனின் செக்ரெட்டரி. செருப்பு இரண்டையும் அக்குளில் இடுக்கி, பேன்ட்டை முட்டுக்கு மேல் சுருட்டிக்கொண்டு, துக்க முகத்தோடு வாசலில் வந்து நின்றான்.

செருப்பு ஏன் அக்குளுக்குப் போயிற்று என்பதைச் சொல்லிவிடுகிறேன். திருவனந்தபுரம் கரமனையில் எங்கள் லேனில் மழைக்காலத்தில் யார் வீட்டுக்கு வேண்டுமானாலும் செருப்புப் போட்டுக்கொண்டு போகலாம். எங்கள் வீட்டுக்கு மட்டும் முடியாது. எங்கள் கேட்டுக்கு முன்னால் மாத்திரம் முழங்காலுக்குத் தண்ணீர் நிற்கும். அது தானாக வந்து நிற்கிற தண்ணீர் இல்லை. சர்க்காரில் எக்ஸிகியூட்டிவ் எஞ்சினியராக இருந்து ரிட்டயர் ஆன என் வீட்டுக்காரர், மழைத்தண்ணீர் வடியட்டும் என்று சொந்தக் கையால் அளந்து கட்டிய வாய்க்கால், எங்கள் பேச்சில் வாறுகால், அதைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. மலையாளத்தில் அதை 'ஓட' என்பார்கள். எப்படிச் சொன்னாலும் நனைவது என் கால்தான்.

ரதீஷ் ஒரு நோட்டீஸை நீட்டினான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டு முன்னாலேயே அனுஸ்மரணக் கூட்டம், அதாவது அவருக்கு நினைவுக் கூட்டம். வார்டு கவுன்சிலர் வருகிறார். அது நல்ல காரியம்தான், சந்தோஷம். அடுத்து அவன் சொன்னதில்தான் வினை இருந்தது. எங்கள் லேனுக்குப் புது வாறுகால், காங்கிரீட்டில், மேலே ஸ்லாப் போட்டு மூடினது, பெரிய தோடு என்கிற ஓடைவரை போகிற மாதிரி சாங்ஷன் ஆகியிருக்கிறதாம். கமிட்டி ஏகமனதாக அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டதாம்.

"சார் கெட்டின ஓடயில இனி ஆரும் கை வைக்கக்கூடாதுன்னு கமிட்டி தீருமானிச்சாச்சு, அம்மா," என்றான் ரதீஷ். "அது அங்ஙனதன்னே கெடக்கட்டும். கேட்டுப் பக்கத்துல ஒரு மார்பிள் கல்லு வைக்கப்போறோம். சாரோட ஸ்மாரகம்."

சொல்லும்போதே அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. அழுகிறவனிடம் எப்படிச் சண்டை போடுவது? உள்ளே போய் சாயா போட்டுக் கொண்டுவந்து கொடுத்தேன். சீனி போட மறந்துபோனேன். அதையும் தியாகம்போலக் குடித்துவிட்டுப் போனான்.

இனி என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கூட்டத்தில் சொன்னதை அல்ல, உள்ளதை.

அவருடைய தாத்தா திருநெல்வேலியிலிருந்து ஒரு மூட்டை மிளகாய் வத்தலோடு மாட்டுவண்டியில் ஆரல்வாய்மொழி வழியாக வந்து சாலைக் கம்போளக் கடைவீதியில் கடை போட்டவர். ஒரு மூட்டை என்பது எனக்குக் கல்யாணமான புதிதில் சொன்ன கணக்கு. வருஷம் போகப்போக அது ஒரு வண்டி ஆயிற்று, பிறகு வண்டிச் சாரி ஆயிற்று. கடைசியில் மகாராஜாவின் கொட்டாரத்து அடுக்களையில் வத்தல் தீர்ந்துபோய்த் தாத்தாவுக்கு ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள் என்ற இடத்தில் வந்து நின்றது. பால்காரர், கரண்ட் பில் எழுத வருகிறவர், வழி கேட்க நின்றவர், ஒருவரையும் விட்டதில்லை. இரண்டு கையையும் வீசி, மாடு இழுக்கிறதையும் வண்டி ஆடுகிறதையும் செய்து காட்டித்தான் சொல்வார்.

தாத்தா கதையைத் தினம் சொன்ன மனுசர், தன் கதையை ஒரே ஒரு தரம்தான் சொன்னார். பள்ளிக்கூடத்தில் அவரைப் பாண்டி என்றுதான் கூப்பிட்டார்களாம். தமிழ்க்காரனைக் கேலியாகச் சொல்கிற பேர். இங்கேயே பிறந்து, இங்கேயே மலையாளம் படித்து, வகுப்பில் முதலாவதாக வந்தும் பாண்டிதான். படித்து முடித்து வேலையில் சேர்ந்த அன்று ஆபீஸ் பியூன் 'சாரே' என்று கூப்பிட்டதும், யாரோ பெரிய ஆபீசர் பின்னால் வருகிறார் என்று இவர் சுவரோரமாக ஒதுங்கி வழிவிட்டாராம். அதற்குப் பிறகு எஞ்சினியர் சார் என்று யாராவது கூப்பிட்டால் அந்த முகத்தில் வருகிற வெளிச்சத்தைப் பார்த்திருக்கிறேன். அதற்காகவே நானும் அடுத்தவர்களிடம் பேசும்போது சார் என்றுதான் சொல்வேன்.

சார் என்றால் சும்மா சார் இல்லை. மட்டம் பார்க்கிற சார். கொத்தனார்கள் வைத்திருக்கிற ரசமட்டக் கட்டை ஒன்று எப்போதும் அவர் பையில் இருக்கும். தோசை ஒரு பக்கம் தடித்திருந்தது என்று அடுப்புக்கு அடியில் அட்டை செருகினார். கட்டிலுக்கு அடியில் அட்டை, டி.வி.க்கு அடியில் அட்டை. எங்கள் மகள் ஸ்ரீலட்சுமி கல்யாணத்தில் பெண்ணும் மாப்பிள்ளையும் உட்கார்ந்த பிறகு, மணவறை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது என்று இரண்டு பேரையும் எழுப்பி நிற்கவைத்துவிட்டார். புரோகிதர் முகூர்த்தம் போகிறது என்று கத்துகிறார், சம்பந்தி பல்லைக் கடிக்கிறார். இவர் குனிந்து கல்யாணப் பத்திரிகையை நாலாக மடித்து மணவறைக் காலுக்கு அடியில் வைத்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். கடைசியில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் நர்ஸைக் கூப்பிட்டுக் கட்டிலின் தலைமாடு தாழ்ந்திருக்கிறது என்றார். அதுதான் அவர் கடைசியாகப் பேசியது.

மட்டம் பார்க்கத் தெரிந்த மனுசருக்குத் தப்பு என்று ஒத்துக்கொள்ள மட்டும் தெரியாது. நாகர்கோவிலில் ஒரு கல்யாணத்துக்குப் புறப்பட்டு, தப்பான பஸ்ஸில் ஏற்றி என்னை விழிஞ்ஞத்தில் கொண்டு இறக்கினார். நான் பட்டுச்சேலையும் மல்லிகைப் பூவுமாக மீன் கூடைகளுக்கு நடுவே நிற்கிறேன். துறைமுக வேலை எப்படிப் போகிறது என்று பார்க்கத்தான் வந்தோம் என்றார். சொன்னதற்காக வெயிலில் நின்று ஒரு மணி நேரம் பார்க்கவும் பார்த்தார். இப்படிப்பட்டவர் கட்டியதுதான் வாறுகால்.

ஒன்பது வருஷம் முன்னால்வரை, மழை பெய்தால் லேனின் தாழ்ந்த கோடியில் இருக்கிற ரத்னாபாய் டீச்சர் வீட்டில்தான் தண்ணீர் ஏறும். டீச்சருக்கு மார்த்தாண்டம் பக்கம். ரிட்டயர் ஆனவள், வாய் ஓயாதவள், தங்கமான மனசு; என் வீட்டுக்காரர் அவளுக்கு அண்ணாச்சி, நான் மைனி, அதாவது அண்ணி. அவள் வீட்டு அடுக்களையில் பாத்திரங்கள் மிதந்து போகும். அசோசியேஷன் பணம் பிரித்து வாறுகால் கட்டுவது என்று முடிவு செய்தது. கான்ட்ராக்டரைக் கூப்பிடலாம் என்று ரதீஷ் சொன்னான். லேனில் ஒரு எஞ்சினியர் இருக்கும்போது கான்ட்ராக்டர் எதற்கு என்று என் வீட்டுக்காரர் ஒரு சத்தம் போட்டார். லேன் அடங்கிவிட்டது.

கண்ணாடிபோலத் தெரிகிற நீளமான பிளாஸ்டிக் டியூபில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்ப்பார்கள், நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒரு முனையை ஒருவர் பிடிக்க வேண்டும், மறு முனையை இன்னொருவர். இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் வந்து நிற்கும். அங்கே கோடு போட்டுக்கொள்ள வேண்டும். ஒரு முனை என் கையில், மறு முனை அவர் கையில். போகிற வருகிறவர்கள் எல்லாரும், எந்தா எஞ்சினியர் சாரே பரிபாடி, என்ன வேலை நடக்கிறது என்று விசாரித்தார்கள். கேட்டால் போதுமே. தாத்தா புறப்பட்டுவிட்டார். கையை வீசும்போது தண்ணீர் சிந்தக் கூடாதே என்று டியூபின் வாயைக் கட்டைவிரலால் அழுத்தி மூடிக்கொண்டு கதை சொன்னார். கதை முடிந்ததும் விரலை எடுக்காமலே கோடு போட்டார். எனக்கு அப்போது ஒன்றும் விளங்கவில்லை, எஞ்சினியர்கள் அப்படித்தான் செய்வார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன். தாத்தா வண்டி ஆரல்வாய்மொழி தாண்டும்போதெல்லாம் எங்கள் வாறுகாலில் ஒரு பள்ளம் விழுந்துகொண்டிருந்திருக்கிறது.

முதல் மழைக்கு லேன் முழுக்கக் குடையோடு வந்து நின்றது. மேட்டிலிருந்து தண்ணீர் அழகாக ஓடி வந்தது. எங்கள் கேட்டுக்கு முன்னால் வந்ததும் நின்றது. அதற்குமேல் நகரவில்லை. நின்ற இடத்தில் ஏறியது. கீழே டீச்சர் வீட்டு வாசல் வறண்டு கிடந்தது. இவர் தண்ணீருக்கு நடுவே வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அந்த முகத்தை நான் கேட்டுக்குள்ளிருந்து பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் எழுப்பி நிறுத்தின பையன் முகம் அது. இது என்ன சார் என்று ரதீஷ் கேட்டான். இவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"தெரிஞ்சுதான் கெட்டினேன்," என்றார். "டீச்சர் வீட்டுல ஏறினா அடுக்களை போச்சு. என் வீட்டுல ஏறட்டும். நான் எஞ்சினியரு, சமாளிச்சுக்கிடுவேன்."

ரதீஷ் குடையைக் கீழே போட்டுவிட்டு அவரைக் கட்டிக்கொண்டான். அன்றைக்குப் பிறந்ததுதான் நயினார் சார் தியாகம்.

கொஞ்ச நாள் கழித்து அதே டியூபால் பிச்சிச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். யாரோ கூப்பிட்டார்கள் என்று முனையைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு திரும்பினேன். டியூபை ஏற்றினேன், இறக்கினேன். உள்ளே தண்ணீர் அசையவே இல்லை. விரலை எடுத்ததும் சரசரவென்று இறங்கிற்று. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது: விரலை எடுக்காமல் அவர் போட்ட கோடு அத்தனையும் தப்பு. நேரே உள்ளே போய்க் கேட்க வேண்டும் என்று இரண்டு எட்டு வைத்தேன். அந்த முகம் ஞாபகம் வந்தது. திரும்பிப் போய்ச் செடிக்குத் தண்ணீர் விட்டேன். அன்றிலிருந்து நான் தியாகத்தை நம்புகிறவள் ஆனேன்.

நம்புவது லேசான வேலை இல்லை. மழைக்காலம் பூராவும் வாசலில் தவளைச் சத்தம். எங்கிருந்தோ இரண்டு வாத்துகள் வந்து குடியேறிவிட்டன. பேப்பர்காரன் எறிகிற பேப்பர் தண்ணீரில் விழும். இவர் அதை இஸ்திரி போட்டு வாசிப்பார். கேட்டிலிருந்து ரோட்டுக்குப் பலகையால் ஒரு பாலம் போட்டு, கைப்பிடி வைத்து, பச்சைப் பெயின்ட் அடித்து, ஒரு நேரத்தில் இரண்டு பேர் மட்டும் என்று போர்டும் எழுதி, தேங்காய் உடைத்துத் திறப்பு விழா நடத்தினார். சம்பந்தி அம்மாள் ஒருத்தியே இரண்டு பேருக்குச் சமம் என்பது அன்று அவர் கணக்கில் வரவில்லை. அவளைத் தூக்கி நிறுத்த நாலு பேர் வேண்டியிருந்தது.

அவருக்கு உடம்புக்கு முடியாமல் ஆனபிறகு பாலமும் இற்றுவிட்டது. போன மழையில் நான் அதில் வழுக்கி விழுந்து முட்டு வீங்கிக் கிடந்தேன். டாக்டர், தண்ணீர் நிற்கும்போது வெளியே இறங்கக் கூடாது, இன்னொரு தரம் விழுந்தால் பிறகு நடக்க முடியாது என்று சொல்லிவிட்டார். திருவனந்தபுரத்தில் மழை நிற்கிற மாசத்தை எண்ணிப் பாருங்கள். இடவப்பாதி என்கிற தென்மேற்கு மழை முடிந்தால் துலாவர்ஷம் என்கிற ஐப்பசி மழை. கோயில் இல்லை, கடைத்தெரு இல்லை, நாலு வீடு தள்ளி டீச்சரோடு உட்கார்ந்து பேச வழியில்லை. பேசிக்கொண்டிருந்த ஒரே ஆளும் போய்விட்டார். புது வாறுகால் வராவிட்டால், வருஷத்தில் பாதி நாள் நான் என் வீட்டுக்குள்ளேயே தனியாக அடைந்து கிடக்க வேண்டியதுதான். இதற்கு மேலே மார்பிள் கல் வேறு.

ஸ்ரீலட்சுமி கழக்கூட்டத்தில் டெக்னோபார்க்கில் வேலை பார்க்கிறாள், குடியிருப்பதும் அங்கேதான்; காரியத்துக்கு வந்தவள் என்னோடு தங்கியிருந்தாள். ரதீஷ் வந்துபோன அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது கல் விஷயத்தையும் கட்டைவிரல் விஷயத்தையும் நான் சொல்லக் கேட்டதும் சிரித்தாள். அப்பாவுக்கு ஒரு மிஸ்டேக் ஆயிப்போச்சு என்று சொன்னால் தீர்ந்தது, இதுக்கு இவ்வளவு யோசிக்கணுமா என்றாள். அவளுக்கு என்ன தெரியும்? அவளை யாரும் பாண்டி என்று கூப்பிட்டதில்லை. அவள் பேசுகிற மலையாளத்தைக் கேட்டால் நாயர்களே எழுந்து இடம் கொடுப்பார்கள்.

"ஒரு தரம் வாயில இருந்து விழுந்தா போதும், மக்கா," என்றேன் நான். "பொறகு உங்கப்பா யாருக்கும் சார் இல்ல. பாண்டி கெட்டின ஓடன்னுதான் சொல்லுவாவ. அவிய போயும் அந்தப் பேரு நிக்கணுமா?"

அவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள். கொஞ்ச நேரம் யோசித்து ஒரு பொய் தயார் செய்து கொடுத்தாள். எந்த வாறுகாலுக்கும் ஆயுசு பத்து வருஷம்தான், அதன்பிறகு புதிதாகக் கட்ட வேண்டும், அதுதான் சாரின் கடைசி ஆசை என்று கூட்டத்தில் சொல்லிவிட வேண்டியது. சார் பேரும் போகாது, வாசலும் காயும். எனக்குப் பிடித்திருந்தது. ஞாயிற்றுக்கிழமைவரை அடுக்களையில் கரண்டியை மைக்காகப் பிடித்துச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். கடைசி ஆசை என்ற இடத்தில் குரல் தழுதழுக்கக்கூட வந்துவிட்டது.

கூட்டத்தன்று வீட்டுக்கு எதிரே பந்தல், பிளாஸ்டிக் நாற்காலி, பெரிய ஃபிளெக்ஸ். ஃபிளெக்ஸில் என் வீட்டுக்காரர் கோட்டும் டையும் போட்டிருந்தார். ஆயுசில் அவர் கோட்டுப் போட்டதில்லை. பின்னால் ஒரு அணைக்கட்டு. அவர் அணைக்கட்டும் கட்டினதில்லை. முடியைக் கறுப்பாக்கி, சுருக்கத்தை எல்லாம் துடைத்துவிட்டிருந்தார்கள். என்னைவிட முப்பது வயசு குறைந்த ஒரு ஆளுக்கு நான் விதவையாக உட்கார்ந்திருந்தேன். கேட்டுக்குப் பக்கத்தில் மார்பிள் கல்லைப் பட்டுத் துணியால் மூடி வைத்திருந்தார்கள்.

இந்த ஊரில் எதற்கும் முறை உண்டு. மௌனப் பிரார்த்தனை, வரவேற்புரை, தலைமையுரை, செத்தவருக்காக வந்ததற்கு நன்றியுரை. ஒவ்வொருவராக எழுந்து பேசினார்கள். நயினார் சார் மெதுவாகப் பேசுகிறவர் என்றார் ஒருவர். அவர் போனில் பேசினால் தென்னைமரத்துக் காக்கை பறக்கும். அகம்பாவம் அறியாதவர், எல்லார் அபிப்பிராயத்தையும் கேட்டு நடப்பவர் என்றார் இன்னொருவர். பொறுமையின் வடிவம் என்றான் ரதீஷ். அவனையே ஒருநாள் ஏணி தப்பாகச் சாத்தினான் என்று லேனே கேட்கத் திட்டியிருக்கிறார். ரத்னாபாய் டீச்சர் மட்டும் எழுந்து, எதையோ சொல்ல வந்தவள்போல என்னைப் பார்த்து, அண்ணாச்சி நல்லவரு என்று முடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

கேட்கக் கேட்க எனக்கு ஆத்திரம் பொங்கியது. இது யார் இந்த ஆள்? என்னோடு நாற்பத்தைந்து வருஷம் சண்டை போட்ட மனுசர் எங்கே? அவரை எங்கே கொண்டுபோய் வைத்தீர்கள்? இரண்டாம் தரமும் அவரை எடுத்துக்கொண்டு போகிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

கவுன்சிலர் பேச எழுந்தபோது மழை பிடித்தது. துலாவர்ஷம், இடியும் மின்னலுமாகக் கொட்டியது. எங்கள் வாறுகால் தன் வேலையைத் தொடங்கிற்று. தண்ணீர் கேட்டு முன்னால் சேர்ந்து, வழிந்து, பந்தலுக்குள் வந்தது. முதலில் எல்லாரும் காலைத் தூக்கிக்கொண்டார்கள். பிறகு நாற்காலியில் சம்மணம் போட்டார்கள். பிறகு நாற்காலியின் மேலேயே ஏறி நின்றார்கள். பருப்புவடைத் தட்டைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு ஒருத்தர். வாத்துகள் இரண்டும் முன்வரிசைக்கு வந்துவிட்டன. யாரும் எழுந்து போகவில்லை. சாருக்குச் செய்கிற மரியாதை அது. கல்லைத் திறந்துவைக்க அம்மாவை அழைக்கிறேன் என்றான் ரதீஷ், நாற்காலி மேலிருந்து.

நான் தண்ணீரில் இறங்கினேன். முட்டு மடங்கிற்று. ஸ்ரீலட்சுமி ஓடிவந்து தாங்கிக்கொண்டாள். அந்த வலியில் கடைசி ஆசையும் மறந்தது, பத்து வருஷமும் மறந்தது. பட்டுத் துணியை விட்டுவிட்டு ரதீஷ் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினேன்.

"மெதுவாப் பேசுத ஆளா அவிய?" என்றேன். "நீங்க பேசுனது யாரைப் பத்தின்னே எனக்குத் தெரியல. எங்க வீட்டு ஆளு வாயைத் தொறந்தா சத்தம். தொட்டதுக்கெல்லாம் கோவம். இந்த வாறுகாலை அவிய தெரிஞ்சு கெட்டல்ல. தப்பாக் கெட்டிட்டாவ. தியாகமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. கணக்கு தப்பிப்போச்சு, அவ்வளவுதான்."

போயிற்று, எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். அவர் ஆயுசு முழுக்கச் சேர்த்த ஒரே சொல்லை நானே தண்ணீரில் போட்டுவிட்டேன். நாற்காலிகளின் மேல் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ரத்னாபாய் டீச்சர்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"மைனி, அப்போ இது உங்களுக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியுமா என்று கேட்கிறாள். அவளுக்கு எப்படித் தெரியும்? கேட்டேன். டீச்சர் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கி என்னிடம் வந்தாள். வந்து சொன்னாள். முதல் மழை பெய்ததற்கு மறுநாள் அவள் நன்றி சொல்லச் பலாச்சுளையில் சக்க வற்றல் வறுத்து எடுத்துக்கொண்டு வந்தாளாம். நான் கோயிலுக்குப் போயிருந்தேனாம். அவள் கையெடுத்துக் கும்பிட்டதும் இவருக்குத் தாங்கவில்லை. தப்புப் பண்ணிட்டேன் டீச்சர் என்று உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டாராம். உடைத்துக் கட்டப் பணம் கிடையாது, அப்படியே விட்டால் டீச்சர் வீடாவது காயும், ஆகவே கிடக்கட்டும் என்றாராம். வெளியே சொல்ல மாட்டேன் என்று டீச்சர் சத்தியம் செய்து கொடுத்துவிட்டு, ரதீஷ் பெண்டாட்டியிடம் மட்டும் சொன்னாளாம். சாயங்காலத்துக்குள் லேனில் தெரியாத ஆள் இல்லையாம்.

ஒன்பது வருஷமாக லேன் முழுக்கத் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது என்று நினைத்து, என் மனசு நோகக் கூடாதே என்று இத்தனை பேரும் தியாகம் தியாகம் என்று சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறார்கள். சாங்ஷன் ஆன வாறுகாலை வேண்டாம் என்றதும் எனக்காகத்தானாம். அம்மாவுக்கு விஷமமாகுமே, மனசு கஷ்டப்படுமே என்றுதான், என்று ரதீஷ் தலையைச் சொறிந்தான். எனக்காக என்னையே முழங்கால் தண்ணீரில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் ஒருவர் பாக்கியில்லாமல் திட்டினேன். மைக்கில்தான் திட்டினேன். திட்டத் திட்ட அவர்கள் முகமெல்லாம் மலர்ந்தது. பின்வரிசையில் யாரோ, சார் என்னை இதைவிடக் கேவலமாகத் திட்டியிருக்கிறார் என்றார். என்னைத்தான் அதிகம் திட்டினார் என்று இன்னொருவர் போட்டிக்கு வந்தார். ஏணிக் கதையை ரதீஷ் தானே சொன்னான். நாற்காலி மேல் நின்றபடி லேனே சிரித்தது. கவுன்சிலர், ஃபைல் இன்னும் மூடவில்லை, நாளைக்கே பேசி அந்த வேலையைத் திரும்ப எடுத்துவிடலாம் என்று எனக்கு வாக்குக் கொடுத்தார்.

ரதீஷ் தயங்கித் தயங்கி, அப்போ இந்தக் கல்லை என்ன செய்வது என்று கேட்டான். துணியை விலக்கிப் பார்த்தேன். தியாகம், மகாத்மியம் என்று என்னென்னவோ பொறித்திருந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலே பெரிய எழுத்தில் எஞ்சினியர் நயினார் சார் என்று இருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. தெரிந்துதான் இவர்கள் ஒன்பது வருஷமும் சார் என்று கூப்பிட்டிருக்கிறார்கள். தப்பென்று தெரிந்த மறுநாளும் சார்தான், செத்த பிறகும் சார்தான். ஒருவர்கூட ஒரு நாள்கூட வேறு பேர் சொல்லவில்லை. நான்தான் வீணாகப் பயந்து செத்திருக்கிறேன்.

டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணாச்சி அன்னைக்கு இன்னொண்ணும் சொன்னாரு, மைனி. யாருட்ட வேணும்னாலும் சொல்லுங்க டீச்சர், பிச்சம்மாள்ட்ட மட்டும் சொல்லிராதீங்கன்னாரு. நான் தப்பே பண்ணமாட்டேன்னு நம்புத ஒரே ஆளு அவதான்னாரு."

நான் நம்பினேனாம். ஒரு நாள், ஒரு பொழுது அப்படி நான் நம்பினதில்லை. கல்யாணமான முதல் மாசத்திலேயே எனக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. தெரிந்துதான் கூட இருந்தேன், பிடித்துத்தான் இருந்தேன். அது அந்த மனுசருக்குத் தெரியாமலே போய்விட்டது. என்னிடம் மறைக்க அவர் எவ்வளவு பாடுபட்டிருப்பார் என்று நினைத்ததும் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஃபிளெக்ஸில் கோட்டுப் போட்டுக்கொண்டு நிற்கிற ஆளைப் பார்த்துத் திரும்பினேன்.

"எனக்கு மொதல்லயே தெரியும்," என்றேன். "எல்லாம் தெரியும். எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லா. நான் என்ன உங்கள விட்டுட்டுப் போயிருவேனா?"

மைக் கையில் இருந்ததை நான் மறந்தேபோனேன். கரமனை ஜங்ஷன்வரை கேட்டதாக ஸ்ரீலட்சுமி பிறகு சொன்னாள். அதற்கும் அப்பால் கேட்டிருக்க வேண்டும் என்றுதான் எனக்கு ஆசை.